கூகுளில் என் தளத்தைக் காணோம்!

கேள்வி: இருபது வருடமாகத் தையல் மிஷின் பழுது பார்க்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு வெப்சைட் தொடங்கி, இதுவரை அறுபது பதிவுகள் போட்டிருக்கிறேன். ‘தையல் மிஷின்’ என்று கூகுளில் தேடினால் பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தும் என் தளம் வரவில்லை. தினமும் சைட்மேப், அதாவது தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல், கூகுளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன், பலன் இல்லை. கீவேர்டு, அதாவது மக்கள் தேடும் சொல், இன்னும் அதிகமாகப் போட வேண்டுமா? ஒருவர் ஐந்நூறு பேக்லிங்க், அதாவது வேறு தளங்களிலிருந்து லிங்க், தருகிறேன், முப்பது நாளில் முதல் பக்கம், உத்தரவாதம் என்கிறார். பணம் கட்டலாமா? என் தொழிலில் ஒன்று பார்த்திருக்கிறேன். துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். கோளாறு மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்திருப்பார்கள். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் நூல் போயே இருக்காது. நானும் அப்படித்தான் எங்கே கோளாறு என்று தெரியாமல் எதையோ திருகிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றுகிறது.

பதில்: வணக்கம். பணம் கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். மீதியைப் படித்து முடிப்பதற்குள் அவருக்கு முன்பணம் போய்விடக் கூடாதே என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பர இடத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். அதற்குக் கீழே வரும் சாதாரண முடிவுகளின் வரிசை விற்பனைக்கு இல்லை. அப்படியிருக்க, ‘உத்தரவாதம்’ என்பவர் எதைத் தருவார்? பெரும்பாலும் ஒரு தந்திரம் செய்வார்கள். உங்கள் தளத்தின் பெயரையோ, யாருமே தேடாத ஆறு சொல் தொடரையோ எடுத்துக்கொண்டு, ‘பாருங்கள், முதல் பக்கம்’ என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார்கள். பொய்யும் இல்லை, பயனும் இல்லை. அவரிடம் இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள்: எந்தச் சொல்லுக்கு முதல் பக்கம்? ஐந்நூறில் மூன்று லிங்க்கை இப்போதே காட்ட முடியுமா? காட்டினால் அந்த மூன்று பக்கங்களையும் திறந்து, மனிதர்கள் யாராவது வந்து படிக்கிற இடமா என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் பல் வைத்தியம், லாட்டரி, பூச்சி மருந்து மூன்றுக்கும் லிங்க் இருந்தால் மேற்கொண்டு நீங்கள் கேட்க எதுவும் இல்லை.

இந்த வியாபாரம் எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் பேஜ்ரேங்க் என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் லிங்க் கொடுப்பதை ஓட்டு மாதிரி எண்ணலாம், மதிப்புள்ள பக்கம் போடும் ஓட்டுக்குக் கூடுதல் மதிப்பு என்பது அதன் சாரம். ஓட்டு என்றதும் கள்ள ஓட்டும் வந்துவிட்டது. 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, காசுக்கு வாங்கிய லிங்க்குகளால் ஏறிய தளங்களைக் கூகுள் கீழே இறக்கியது. 2016-க்குப் பிறகு அத்தகைய லிங்க்குகளை அது பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடுகிறது. அதாவது நீங்கள் கட்டும் பணத்துக்கு அதிகபட்சமாக ஒன்றும் நடக்காது. போதாத காலமாக இருந்தால் கூகுளின் ஆட்களே பார்த்துத் தண்டனை போடுவார்கள், தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் அறிவிப்பு வரும். நான்கு மாதக் குழந்தைக்கு அது தேவையா?

இனி கோளாறு எங்கே என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய முகவரியில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் (இங்கே அதை வெளியிடவில்லை).

தேடுபொறியின் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதன் ரோபாட் உங்கள் பக்கத்துக்கு வந்து படிக்க வேண்டும். படித்ததை இண்டெக்ஸில், அதாவது தன் கிடங்கில், சேர்க்க வேண்டும். யாராவது தேடும்போது கிடங்கில் இருப்பதை எடுத்து வரிசைப்படுத்த வேண்டும். ‘ரேங்க் ஆகவில்லை’ என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் மூன்றாவது படியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். தளமோ முதல் இரண்டைத் தாண்டியிருக்காது. பாபினைத் திட்டும் உங்கள் வாடிக்கையாளர்களும் இவர்களும் ஒரே இனம்தான்.

எனக்கே இது நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் புதுத் தளத்தைக் கையில் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஆகியும் ஒரு பக்கம்கூடத் தேடலில் வரவில்லை. தலைப்பை மாற்றினேன், பத்தியைத் திருத்தினேன், படங்களைச் சுருக்கினேன், இரவு பதினோரு மணிக்கு வாடிக்கையாளருக்கு நம்பிக்கை ஊட்டும் மெயில் எழுதினேன். நான்காவது வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று, ‘சார், அந்த டிக் எதுக்கு?’ என்று கேட்டார். தளம் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் ரீடிங் என்ற பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது: இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் பெட்டி. தளத்தைக் கட்டும்போது டிக் செய்தவர்கள் எடுக்க மறந்திருந்தார்கள். மூன்று வாரமாக நானே வாசலில் ‘உள்ளே வராதே’ என்று பலகை மாட்டிவிட்டு, விருந்தாளி ஏன் வரவில்லை என்று புலம்பியிருக்கிறேன். அன்றிலிருந்து எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். உங்களுடையதையும் பார்த்தேன். அந்தத் தடை இல்லை.

இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொரு விஷயமும் உண்டு. ரோபாட்ஸ் கோப்பு என்பது ‘இங்கே வந்து படிக்காதே’ என்று சொல்வது. நோஇண்டெக்ஸ் என்பது ‘படித்தாலும் சேர்க்காதே’ என்று சொல்வது. ஒரு பக்கத்தை மறைக்க நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால், ரோபாட்டால் பக்கத்தைத் திறக்கவே முடியாது. உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணிலேயே படாது. வேறு எங்கிருந்தாவது லிங்க் இருந்தால், விவரமே இல்லாமல் வெறும் முகவரி மட்டும் தேடலில் தொங்கும். இது உங்களுக்கு இப்போது தேவைப்படாது. என்றைக்காவது எதையாவது மறைக்க நினைத்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அறுபது பக்கங்களில் எத்தனை கிடங்கில் இருக்கின்றன? தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை எழுதித் தேடுங்கள். துல்லியமான எண்ணிக்கை இல்லையென்றாலும் உத்தேசம் தெரியும். நான் பார்த்தபோது இருபதை ஒட்டித்தான் வந்தது. மீதி நாற்பதுக்கு என்ன ஆயிற்று என்பதை சர்ச் கன்சோல் சொல்லும். தினமும் சைட்மேப் கொடுக்கிறீர்கள் என்றால் அந்தக் கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பக்கங்கள் என்ற அறிக்கையைத் திறங்கள். சேராத பக்கங்களுக்குக் காரணம் போட்டிருக்கும். இரண்டு காரணங்களைத் தேடுங்கள். ஒன்று, ‘கண்டறிந்தோம், இன்னும் இண்டெக்ஸ் செய்யவில்லை’ என்பது: முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை என்று பொருள். இன்னொன்று, ‘படித்தோம், இப்போதைக்கு இண்டெக்ஸ் செய்யவில்லை’ என்பது. இதுதான் சுருக்கென்று இருக்கும். வந்தது, படித்தது, எடுத்துக்கொள்ளாமல் வைத்துவிட்டுப் போய்விட்டது. உங்கள் நாற்பதில் பெரும்பகுதி இரண்டாவது ரகமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சைட்மேப்பை ஒருமுறை கொடுத்தால் போதும். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம். உங்கள் அறுபது அதற்குத் தூசு. புதுப் பதிவு போட்டால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், கூகுளும் அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ளும். தினமும் கொடுப்பதால் கெடுதல் இல்லை, உங்கள் காலைப் பொழுதுதான் வீண். அந்த நேரத்தில் ஒருநாள் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் வெப்மாஸ்டர் டூல்ஸில் கணக்குத் தொடங்குங்கள். சர்ச் கன்சோலில் இருந்தே தளத்தை அங்கே இறக்கிக்கொள்ளலாம். இண்டெக்ஸ்நவ் என்று ஒரு வசதியை மைக்ரோசாஃப்டும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் 2021 அக்டோபரில் கொண்டுவந்தன. நீங்கள் பதிவை வெளியிட்டதும் அது தேடுபொறிக்குத் தகவல் கொடுத்துவிடும். கூகுள் அதில் சேரவில்லை. ஆனாலும் ஒரு பிளக்-இன் போட்டால் முடிகிற வேலை.

இப்போது அந்த நாற்பதுக்கு வருகிறேன். வருத்தப்படக் கூடாது.

‘தையல் மிஷினின் நன்மைகள்’ என்று ஒரு பதிவு. தையல் மிஷின் இருந்தால் வேகமாகத் தைக்கலாம், நேரம் மிச்சமாகும், அழகாக வரும் என்று நான்கு சின்னப் பத்திகள். இதைத் தெரிந்துகொள்ள யாராவது கூகுளுக்கு வருவார்களா? வந்தாலும் இதே நான்கு பத்தியை ஏற்கெனவே எத்தனையோ தளங்கள் போட்டாயிற்று. பராமரிப்பு பற்றி மட்டும் பதினோரு பதிவுகள். தலைப்பு மாறுகிறது, உள்ளே ‘எண்ணெய் போடுங்கள், தூசு தட்டுங்கள்’ மாறவே இல்லை. சில பதிவுகளைப் படித்தபோது, கையில் எண்ணெய்க் கறை உள்ள மனிதர் எழுதியது போலவே இல்லை. ஏதோ ஒரு ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிப் போட்டீர்களோ என்று சந்தேகப்பட்டேன். அதைப் பயன்படுத்துவதே குற்றம் என்று கூகுள் சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் புதிதாக எதையும் தராத பக்கங்களைக் குவித்து ரேங்க் பிடிக்கப் பார்ப்பதை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், 2024 மார்ச்சில் வெளியிட்ட ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது. உங்கள் நோக்கம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ரோபாட்டுக்குத் தெரியாதே.

பதினொன்றையும் ஒன்றாக்குங்கள். நல்ல வரிகளை மட்டும் எடுத்து ஒரே பக்கத்தில் வையுங்கள்; பழைய பத்து முகவரிகளையும் நிரந்தர ரீடைரக்ட், அதாவது 301, போட்டு இந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். ‘நன்மைகள்’ மாதிரிப் பதிவுகளைத் தயங்காமல் நீக்கிவிடலாம். அறுபது இருபதாகச் சுருங்கினால் தளம் இளைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எத்தனை பதிவு, எத்தனை சொல் என்று தேடுபொறி எண்ணிப் பரிசு தருவதில்லை.

கீவேர்டு கேள்விக்கு வருவோம். ‘தையல் மிஷின்’ என்று தேடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வாங்க வேண்டும், விலை பார்க்க வேண்டும், படம் பார்க்க வேண்டும். உங்களைத் தேடவில்லை அவர். அந்தச் சொல்லுக்குப் பெரிய விற்பனைத் தளங்கள்தான் வரும், வரவும் வேண்டும். நீங்கள் எத்தனை வருடம் தவம் இருந்தாலும் அது உங்களுக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் வருகிறவர் இரண்டு நொடியில் திரும்பிப் போய்விடுவார். ‘தையல் மிஷின் அடியில் நூல் சிக்குது’ என்று தேடுகிறவர் வேறு. பாதி தைத்த துணி மிஷினில் மாட்டிக்கொண்டிருக்க, ஒரு கையில் கத்தரிக்கோலும் மறுகையில் போனுமாக நிற்கிறார். அவர் உங்கள் ஆள். அப்படித் தேடுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் வருகிறவர் கடைசி வரி வரை படிப்பார், அடுத்த கோளாறுக்கும் உங்களையே தேடுவார்.

இந்த மாதிரிச் சொற்களைக் கண்டுபிடிக்கக் காசு கட்டும் டூல் எதுவும் வேண்டாம். வேலை மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் முதலில் சொல்கிற வாக்கியத்தை, அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ‘டக் டக்னு சத்தம் வருது’, ‘தையல் விட்டு விட்டு விழுது’, ‘துணி நகரவே மாட்டேங்குது’. அதைத்தான் அவர்கள் கூகுளிலும் எழுதுகிறார்கள். நீங்கள் எழுதிய பதிவில் அது ‘ஸ்டிச் ஸ்கிப்பிங் பிரச்சினைக்கான தீர்வுகள்’ என்று இருக்கிறது! நோட்டில் ஐம்பது வாக்கியம் சேர்ந்தால் அடுத்த ஒரு வருடத்துக்கு எழுத விஷயம் இருக்கும். தேடல் பெட்டியில் பாதி எழுதும்போதே கூகுள் நீட்டுகிற பரிந்துரைகளையும் பாருங்கள், அவையும் மக்கள் உண்மையில் தேடுபவைதான்.

கீவேர்டை அதிகமாகப் போடுவதா என்றால், குறைக்கத்தான் வேண்டும். ஒரு பத்தியில் ‘தையல் மிஷின் ரிப்பேர்’ என்பதை ஒன்பது முறை எண்ணினேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், உங்களுக்கே மூச்சு முட்டும். இத்தனை சதவீதம் கீவேர்டு இருக்க வேண்டும் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாக எழுதும் மெட்டா கீவேர்டுகளை ரேங்க் பண்ணப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதற்கு இன்னும் கட்டணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

தமிழில் எழுதுவதால் வரும் சில சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். மிஷின், மெஷின், இயந்திரம் என்று ஒரே பொருளுக்கு மூன்று எழுத்துமுறை இருக்கிறதே, எல்லாவற்றையும் போட வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரே பொருள் தரும் சொற்களைத் தேடுபொறி பெருமளவு புரிந்துகொள்கிறது. நீங்கள் இயல்பாக எழுதினாலே தலைப்பில் ஒன்று, உள்ளே ஒன்று என்று வந்துவிடும், அது போதும். முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் ரேங்க் குறையாது. ஆனால் காப்பி செய்து வாட்ஸாப்பில் ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு ரயில் நீளத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘தையல்’ என்ற ஒரு சொல் யூனிகோடில் ஐந்து குறியீடு. ஒவ்வொன்றும் மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து என்று நாற்பத்தைந்து எழுத்தாக விரிந்துவிடும். பார்க்கிறவர் பயந்து கிளிக் செய்யாமல் விடலாம். ஆகவே முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்துக்கொள்வது என் பழக்கம். இதைவிட முக்கியமான ஒன்று: மூன்று பதிவுகளில் குறிப்பு முழுவதையும் அழகான எழுத்தில் டிசைன் செய்து படமாகப் போட்டிருக்கிறீர்கள். தேடுபொறி முதலில் நம்புவது எழுத்தைத்தான். படத்துக்குள் இருப்பதைத் தட்டச்சு செய்து கீழே போடுங்கள். படம் எதைக் காட்டுகிறது என்று, படத்தைச் சேர்க்கும்போது வரும் ஆல்ட் என்ற இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். ‘படம் 1’ என்று எழுதினால் அது எழுதாத கணக்கு.

உங்கள் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் எது தெரியுமா? ‘டிப்ஸ் 14’. அதில் ஐந்தாவது பத்தியில், அடிக்கடி நூல் அறுந்தால் கொஞ்சம் பஞ்சை எடுத்து ஊசி இறங்கும் தகட்டின் ஓட்டையைச் சுற்றித் தேய்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிர் எங்கே இருக்கிறதோ அங்கே பஞ்சு மாட்டிக்கொள்ளும், அந்த இடம்தான் நூலை அறுக்கிறது என்று. படித்ததும் எழுந்து போய் வீட்டு மிஷினில் செய்து பார்த்தேன். மாட்டிக்கொண்டது! இப்படி ஒரு விஷயத்தை நான்கு பத்தி முன்னுரைக்குக் கீழே, ‘டிப்ஸ் 14’ என்ற தலைப்பில் புதைத்து வைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? ‘தையல் மிஷினில் நூல் அடிக்கடி அறுகிறதா? பஞ்சு வைத்துப் பிசிரைக் கண்டுபிடியுங்கள்’ என்று தலைப்பு வையுங்கள். பஞ்சை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். தகட்டில் பஞ்சு இழை மாட்டி நிற்பதை நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். வளைந்த ஊசி, நூலுக்குப் பொருந்தாத ஊசி, அதிக டென்ஷன் என்று நூல் அறுவதற்கான மற்ற காரணங்களை அதற்கடுத்து எழுதி, ஊசியைப் பற்றிய உங்கள் இன்னொரு பதிவுக்கு அங்கிருந்தே லிங்க் கொடுங்கள். இப்போது உங்கள் பதிவுகள் ஒன்றையொன்று தெரியாத அக்கம்பக்கத்தார் மாதிரி இருக்கின்றன. வாசகருக்கும் ரோபாட்டுக்கும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி வேண்டும்.

தலைப்பு பற்றிப் பேசும்போது, உங்கள் முகப்புப் பக்கத்தின் டைட்டில் வெறும் ‘முகப்பு’ என்று இருக்கிறது. அது பிரவுசர் தாவலில் தெரிவதோடு தேடலில் நீல எழுத்திலும் வரும். தொழிலையும் பெயரையும் அங்கே எழுதுங்கள். டைட்டிலுக்குக் கீழே வரும் சிறு விளக்கம் ரேங்க்கை மாற்றாது, கூகுள் பல நேரம் அதைத் தானே மாற்றியும் எழுதிக்கொள்ளும். இருந்தாலும் கிளிக் செய்வதா வேண்டாமா என்று வாசகர் முடிவு செய்வது அதைப் பார்த்துத்தான்.

வேகம், தொழில்நுட்பம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டப் போவதில்லை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் அசைய வேண்டும் என்று கூகுள் அளவு வைத்திருக்கிறது. உங்கள் முகப்பில் ஓடுகிற ஆறு படங்கள் ஸ்லைடு ஷோவை எடுத்துவிட்டால் முதல் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். அவற்றை யாரும் பார்ப்பதும் இல்லை. மொபைலில் திறந்தால் மெனு காணாமல் போகிறது, அதைச் சரி செய்யுங்கள். கூகுள் இப்போது தளத்தை மொபைல் வடிவத்தில்தான் படிக்கிறது. பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ் இருக்கிறது, நல்லது. வேகத்தில் நூற்றுக்கு நூறு வாங்குகிறேன் என்று ஒரு மாதம் உட்கார்ந்துவிடாதீர்கள். காலியான பக்கம் வேகமாகத் திறந்து என்ன பயன்?

பேக்லிங்க்கே வேண்டாமா என்றால், வேண்டும். புதுத் தளத்துக்கு நன்றாகவே உதவும். தையல் வகுப்பு எடுப்பவர்கள், உதிரிபாகம் விற்பவர்கள், மிஷின் வைத்துத் தைக்கும் வீடியோ போடுபவர்கள் எல்லாருக்கும் தங்கள் வாசகருக்குச் சுட்டிக்காட்ட ஒரு நல்ல பக்கம் தேவைப்படுகிறது. எந்தத் துணிக்கு எந்த ஊசி என்று ஒரு அட்டவணை போடுங்களேன். 80/12, 90/14, 100/16 என்று ஊசி உறையில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் குழம்பாதவர் யார்? அந்த இரண்டு எண்ணும் ஒரே தடிமனை இரண்டு கணக்கில் சொல்வது, பெரிய எண் என்றால் தடித்த ஊசி, ஜீன்ஸ் துணிக்கு 100/16 என்று உங்கள் அனுபவத்தோடு ஒரே பக்கத்தில் வைத்தால், வகுப்பு எடுக்கும் ஒருவர் தன் மாணவர்களுக்கு அதை அனுப்புவார். அவரிடம் நீங்களே சொல்லலாம், தப்பில்லை. ‘நான் உங்களுக்கு லிங்க் தருகிறேன், நீங்கள் எனக்குத் தாருங்கள்’ என்ற பண்டமாற்று மட்டும் வேண்டாம். பக்கம் பிடித்துப்போய் அவர்கள் தருகிற நாலு லிங்க், அந்த ஐந்நூறுக்கு மேல்.

எவ்வளவு நாள் ஆகும்? திருத்த வேலைகள் முடிந்து பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகலாம் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. என் அனுபவமும் அதை ஒட்டித்தான். நீங்கள் நான்காவது மாதத்திலேயே சலித்துவிட்டீர்கள். அதுவும் திருத்த வேலை இனிமேல்தான் தொடங்க வேண்டும். அதுவரை உங்கள் போனிலிருந்து நீங்களே தேடித் தேடிப் பார்க்காதீர்கள். இருக்கும் இடத்தையும் முன்பு தேடியதையும் வைத்து முடிவு மாறும், அது உங்களை ஏமாற்றும். சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் என்ற எண்ணை வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், அதாவது உங்கள் பக்கம் எத்தனை முறை தேடலில் தலைகாட்டியது என்று. கிளிக் வருவதற்கு முன்னால் அது ஏறும். எந்தச் சொல்லுக்குத் தலைகாட்டியது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். நீங்கள் எழுதாத ஒரு கேள்வி அந்தப் பட்டியலில் தெரிந்தால், அடுத்த பதிவு அதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024-இலிருந்து பல தேடல்களுக்குக் கூகுளே மேலே ஏ.ஐ. பதில் எழுதிவிடுகிறது. ‘பாபின் என்றால் என்ன’ மாதிரிக் கேள்விகளுக்கு இனி யாரும் கீழே இறங்கி வரப் போவதில்லை. அதை நம்பி எழுதியவர்கள் தவிக்கிறார்கள். பஞ்சு மாட்டி நிற்கும் படத்தைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று நான் நினைக்கிறேன். அது நினைப்புத்தான், உத்தரவாதம் தர நானும் அந்த ஐந்நூறு லிங்க்காரர் இல்லை. ஆகவே தேடுபொறியை மட்டும் நம்பி உட்காராமல், பழுது பார்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு மிஷினிலும் தளத்தின் முகவரியை ஒரு ஸ்டிக்கராக ஒட்டி அனுப்புங்கள்.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை தருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை மறுபடி படியுங்கள், பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோப்பதைப் பற்றி எழுதியது. அந்த விஷயம் உங்கள் அறுபது பதிவுகளில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. முன்பின் தெரியாத எனக்கு நான்கு வரியில் புரிய வைத்தீர்கள், தளத்தில் எழுத மறந்துவிட்டீர்கள். அதை அப்படியே, அதே சொற்களில் முதல் பத்தியாக வைத்துப் பதிவைத் தொடங்குங்கள். பாதம் தூக்கியிருக்கும்போது நூல் தட்டுகளுக்கு நடுவே போவதை ஒரு படம், இறக்கியிருக்கும்போது தட்டுக்கு மேலேயே நிற்பதை ஒரு படம். சிவப்பு நூலாகக் கோத்து எடுங்கள், கறுப்பு மிஷினில் நன்றாகத் தெரியும். போட்டதும் முகவரியை எனக்கு அனுப்புங்கள், தலைப்பை இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்ப்போம்.